நர்ஸுக்குச் சிவப்பு, கண்டக்டருக்குப் பச்சை

பெட்டியும் படுக்கையுமாக நாத்தனார் வந்து இறங்கிய அந்த வாரமே வீட்டிலிருந்த எனாமல் டப்பாக்களுக்கெல்லாம் கெட்ட காலம் பிறந்துவிட்டது.

முன்னறையில் தையல், பின்னறையில் அம்பு, நடுவில் சமையலறை. இதுதான் வீடு. முன்னறையில் மெஷின் ஓட்டுகிறவளைத் தெருவில் எல்லோரும் தையலக்கா என்பார்கள். பின்னறையில் மரத்தை இழைத்து அம்பு செய்கிற அவள் புருஷன் அம்புக்காரர். மைதானத்தில் வில் பழகுகிறவர்களில் மர அம்புதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுக்கு இவரை விட்டால் ஆளில்லை. தண்டை வெயிலுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, வளைவு இருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் தொட்டுவிடுவார். அப்புறம் லேசாகச் சூடு காட்டி, நிமிர்த்தி, உப்புத்தாள் போட்டு, பெயின்ட் அடித்து, மேலே வார்னிஷ் ஏற்றி, இறகு ஒட்டுவார். இறகுக்குக் கீழே ஒரு பட்டையும் மெல்லிய வளையங்களும் வரைவார். யாருடைய அம்பு என்பதை அந்த நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். தையலக்காவின் பழைய மெஷின் மோட்டாரில் தண்டை மாட்டிச் சுழலவிட்டு, அவர் பிரஷால் சும்மா தொட்டால் போதும், முடி அளவுக்குக் கோடு விழும். அந்தக் கைக்குத்தான் பேர்.

ஆனால் எனாமல் நாற்றமும் தின்னர் நாற்றமும் சமையலறை தாண்டி வந்து நாத்தனாரின் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டன. இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். தையலக்கா அவளை ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

"வீட்டுல பெயின்ட் வேலை நடக்குதா?" என்றார் டாக்டர்.

"வீட்டுக்கு இல்ல டாக்டர், அம்புக்கு."

"மூக்குக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாதும்மா. ஒண்ணு பெயின்ட் வெளிய போகணும், இல்ல இவங்க வெளிய போகணும்."

"நான் எங்க போறது? இப்பதானே வந்தேன்!" என்றாள் நாத்தனார், இழுப்புக்கு நடுவிலேயே.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்லி, நாற்றமில்லாத தண்ணிப் பெயின்ட்டுக்கு மாறச் சொன்னதும் அம்புக்காரர் உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

"தண்ணியில கரையற பெயின்ட்டா? மரத்துக்கும் தண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். அதெல்லாம் சுவத்துக்கு அடிக்கிறது."

"கடையில கேட்டுட்டேன். மரத்துக்கே தனியா வருதாம். மரத்தை மூடற சீலர் பூச்சும் அப்படியே வருதாம். நாத்தமே இல்ல. பிரஷைக் குழாயில கழுவிடலாம்."

"பழகின டப்பாவை விட்டுட்டு என்னால முடியாது."

"டப்பா முக்கியமா, உங்க அக்கா முக்கியமா?"

அவர் உப்புத்தாளை மறுபடி எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஓடியது பிடிவாதம் என்றுதான் தையலக்கா நினைத்தாள். மறுநாள் பழைய இரும்புக்காரன் வந்து டப்பாக்களை மூட்டையில் கட்டியபோது, அவர் வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுக்கு மூடி நசுங்கியிருக்கும். ஒன்றுக்குக் கைப்பிடி இருக்காது. ஒன்றில் கயிறு சுற்றியிருக்கும். சொந்தக்காரர்களை ரயில் ஏற்றிவிடுகிற மாதிரி நின்றார்.

புதுசெல்லாம் ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பாட்டில்கள்.

முதல் நாள் வேலையில் வீடே ரெண்டுபட்டது. சீலரில் முக்கி எடுத்த தண்டு காய்ந்ததும் மேலெல்லாம் மரம் சிலிர்த்துக்கொண்டு பூனைக்குட்டி முதுகு மாதிரி ஆகிவிட்டது. "நான் அப்பவே சொன்னேனா இல்லையா!" என்று அவர் குதித்தார். தையலக்கா பாட்டிலின் பின்னால் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். முதல் பூச்சுக்கு மரம் அப்படித்தான் எழும்புமாம். தேய்ந்துபோன உப்புத்தாளால் மேலாகத் தடவிவிட்டு ரெண்டாம் பூச்சுக் கொடுக்கணுமாம். அவளே ஒன்றைத் தடவிக் காட்டினாள். வழுவழுவென்று வந்தது.

அப்புறம் நிறம் அடித்து, அது காய்ந்து, மேலே கடைசிச் சீலர். வெளியே எடுத்தால் அம்பு முழுக்கப் பாலில் குளித்த மாதிரி வெள்ளை.

"போச்சு! எல்லாம் போச்சு! மேல சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்க!"

"இருங்க, காயட்டும்."

"காய்ஞ்சா என்ன, சுண்ணாம்பு பறந்தா போயிடும்?"

மூன்று பேரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அந்த அம்பையே பார்த்தார்கள். ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. ஓரத்தில் முதலில் வெளுப்பு விலகியது. அப்புறம் பனி விலகுகிற மாதிரி மெல்ல மெல்ல உள்ளேயிருந்த நிறம் எழுந்து வந்தது. மரத்தின் ரேகை கண்ணாடிக்குக் கீழே வைத்த மாதிரி தெரிந்தது.

"அடேயப்பா!" என்று நாத்தனார் கை தட்டினாள். இழுப்பில்லாத முழு மூச்சில் அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அம்புக்காரர் எழுந்து அந்த அம்பைக் கையில் உருட்டினார். "பரவாயில்ல," என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

அந்தச் சமயத்தில்தான் நர்ஸும் கண்டக்டரும் வந்தார்கள். நர்ஸ் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வில்லைத் தூக்குகிறவள், கொடிக்கம்பு மாதிரி உயரம். கண்டக்டர் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவள், குள்ளம், ஆனால் தோள் இரண்டும் பாறை. மைதானத்தில் நடக்கப்போகிற மரவில் போட்டியில் ரெண்டு பேரும் ஒரே பலகையில் எதிரெதிராக விடவேண்டியிருந்தது. நேற்றுவரை ஒரே டீயை ரெண்டு டம்ளரில் பங்கு போட்டவர்கள், இப்போது ஒருத்தி அளவு கொடுக்கும்போது இன்னொருத்தி எட்டிப் பார்த்தாள்.

"எனக்குச் சிவப்பு," என்றாள் நர்ஸ்.

"எனக்குப் பச்சை. பளிச்சுனு இருக்கணும்ண்ணே. பலகையில இவ அம்பு மங்கித் தெரியணும்."

"அடிச்சா தானே பலகையில தெரியும்!"

நர்ஸுக்கு நீளத் தண்டு. கண்டக்டருக்குக் குட்டைத் தண்டு, ஆனால் வில் கனமாக இருப்பதால் விறைப்பான மரம். அம்புக்காரர் பொறுக்கிப் பொறுக்கி எடுத்து வைத்தார். தையலக்கா முதல் பூச்சுக்கு உப்புத்தாள் போட்டுக் கொடுத்தாள். அதற்குள் அவள் தங்கச்சி வீடு மாறுகிறாள் என்று போன் வந்துவிட்டது. "பாத்திரமெல்லாம் தரையில கிடக்கு, நீ வந்தாத்தான் ஆகும்," என்று அழாத குறை. கிளம்புவதற்கு முன்னால் பாட்டில் வாய் சின்னதாக இருக்கிறதே, பிரஷ் போகாதே என்று சிவப்பையும் பச்சையையும் ரெண்டு கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள். ஒரே செட் கிண்ணம்.

"இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை," என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டும் போனாள். அது கண்ணால் பார்த்தாலே தெரிகிற விஷயம்தானே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

போட்டி நாளன்று காலையில் தையலக்கா தங்கச்சி ஊரிலிருந்து பஸ் ஏறி, நேரே மைதான வாசலில் இறங்கினாள். ராத்திரி பெய்த மழை விட்டு, நல்ல காற்று. வேலிக்கம்பியில் கட்டிய துணியெல்லாம் படபடத்தது. உள்ளே ஒரே கூட்டம். வில் நாணை இழுத்துப் பார்க்கிற சத்தம் அங்கங்கே டொய்ங் டொய்ங் என்று கேட்டது. நாத்தனார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவித்த முட்டைக்கு உப்புத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா! இந்தா, ஒரு முட்டை சாப்பிடு. உன் புருஷன் ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம அம்புலயே கிடந்தான்."

அம்புக்காரர் தூரத்திலிருந்தே கையைத் தூக்கினார். இஸ்திரி போட்ட சட்டை. நடுவரின் மேஜைமேல் துணியைப் பிரித்து அம்புகளை வைத்துக்கொண்டிருந்தார். தையலக்கா வாயில் முட்டையோடு கிட்டே போனாள்.

நடுவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என்னங்க இது? ஒரு ஆளுக்கு ஒரே நிறம்தான் இருக்கணும். விதி தெரியாதா உங்களுக்கு?"

"ஒரே நிறம்தானே சார்," என்றார் அம்புக்காரர்.

தையலக்கா பார்த்தாள். முட்டை தொண்டையில் நின்றது. நர்ஸின் நீள அம்புகளில் பாதி சிவப்பு, பாதி பச்சை. கண்டக்டரின் குட்டை அம்புகளிலும் அதே கதை. கோடு மட்டும் முடி பிசகாமல் அச்சு மாதிரி இருந்தது.

"ஏங்க, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"என்ன பண்ணினேன்?"

"நிறத்தைப் பாருங்க!"

அவர் குனிந்து பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் நெற்றியில் வேர்வை. "நல்லாத்தானே இருக்கு," என்றார். ஆனால் குரலில் தெம்பில்லை.

தையலக்கா ஒரு சிவப்பையும் ஒரு பச்சையையும் எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது ரெண்டும் ஒண்ணா?"

அவர் அம்பைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார், பதில் அங்கே எழுதியிருக்கிற மாதிரி.

பின்னாலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "டேய் தம்பி! உனக்கு அது இன்னும் போகலையாடா?"

"எது அண்ணி?" என்றாள் தையலக்கா.

"சின்ன வயசுல இவனுக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. பள்ளிக்கூடத்துல இலைக்கெல்லாம் சிவப்பு அடிச்சுட்டு வருவான். வளர்ந்தா சரியாயிடும்னு அம்மா சொன்னாங்க. சரியாயிடுச்சுன்னுதான் நானும் நினைச்சுட்டு இருந்தேன்!"

"அக்கா, வாயை மூடு," என்றார் அவர் மெதுவாக.

"இடதுல சிவப்பு, வலதுல பச்சைன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?" என்றாள் தையலக்கா.

"அப்படித்தான் அடிச்சேன். அதே இடம்தான்."

நாத்தனார் நெஞ்சில் கை வைத்தாள். "ஐயையோ. மத்தியானம் இவன் கை கழுவ எழுந்தப்ப நான்தானே மேஜையைத் துடைச்சேன். கிண்ணத்தைத் தூக்கித் துடைச்சுட்டு... எந்தப் பக்கம் எதை வெச்சேனோ, யார் கண்டா!"

தையலக்காவுக்குத் தலைக்குள் வரிசையாக விளக்கு எரிந்தது. நூல் வாங்க அனுப்பினால், ஒரு துண்டு நூலைக் கடைக்காரனிடம் நீட்டி 'இதே மாதிரி' என்பாரே தவிர நிறத்தைச் சொல்லமாட்டார். தக்காளி வாங்கப் போனால் 'நீயே பார்த்து எடு, உன் கைராசி' என்பார். கைராசியாம்! அவளும் நம்பி இத்தனை வருஷமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். நசுங்கின மூடி, கைப்பிடி இல்லாத டப்பா, கயிறு சுற்றின டப்பா. இரும்புக்காரன் மூட்டையில் கட்டிக்கொண்டு போனது இவருடைய கண்ணை.

"சிக்னல்ல எப்படிங்க வண்டி ஓட்டுறீங்க?" என்றாள்.

"மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போகணும். அதுக்கு நிறம் எதுக்கு?"

அவளுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே சிரிப்பும் வந்தது. ரெண்டும் ஒன்றாக வந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என்கிட்ட சொன்னா என்ன?"

"நிறம் தெரியாதவன்கிட்ட யார் அம்பு வாங்குவாங்க?"

அதற்குள் நர்ஸும் கண்டக்டரும் ஓடி வந்திருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் நர்ஸ், "அவ்வளவுதானே, சிவப்பையெல்லாம் நான் எடுத்துக்கறேன், பச்சையெல்லாம் இவ எடுத்துக்கட்டும்," என்றாள். ஒரு குட்டை அம்பை எடுத்து வில்லில் மாட்டி இழுத்தும் பார்த்தாள். அவள் கை நீளத்துக்கு அம்பின் முனை வில்லைத் தாண்டி உள்ளே வந்து, கையில் பட இருந்தது.

"விடு, விடு, விடு!" என்று அம்புக்காரர் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். "குத்திடும்மா! உனக்கு நீளத் தண்டு ஏன் போட்டேன்னு நினைச்ச?"

நடுவர் கடிகாரத்தைத் தட்டினார். "உங்க முறை வர அரை மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள ஒழுங்கான அம்பு வந்தா சரி. இல்லைன்னா ரெண்டு பேரையும் போட்டியிலிருந்து எடுத்துடுவேன்."

"எனாமலா இருந்தா அவ்வளவுதான், ஒரு நாள் காயணும்," என்று அம்புக்காரர் தலையைத் தொங்கப்போட்டார்.

"எனாமல் இல்லையே!" என்றாள் தையலக்கா. அவள் குரல் அவளுக்கே புதுசாக இருந்தது. "இது தண்ணிப் பெயின்ட்! இந்தக் காத்துக்கு நின்னு பார்க்கறதுக்குள்ள காயும். வண்டி யார்கிட்ட இருக்கு?"

கண்டக்டர் சாவியைத் தூக்கிக் காட்டினாள். பஸ்ஸில் நின்றே பழகியவள், ஸ்கூட்டரை பஸ் மாதிரியே ஓட்டினாள். சந்து திரும்பும்போதெல்லாம், "ஓரம், ஓரம்! ஏறினவங்க உள்ள தள்ளுங்க!" என்று கத்தினாள். பழக்கதோஷம். தையலக்கா பின்னால் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டுக்குள் ஓடி, பாட்டில், பிரஷ், உப்புத்தாள் எல்லாவற்றையும் தைக்க வந்த ஒரு பாவாடைத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள்.

மைதானத்தில் பலகைகளுக்கு ஸ்க்ரூ போடுகிற டிரில் மெஷினை நர்ஸ் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். அட்டைப்பெட்டியின் விளிம்பில் ரெண்டு வெட்டு வெட்டி, அதில் தண்டைக் கிடத்தி, முனையை டிரில்லில் மாட்டினார்கள். நர்ஸ் டிரில்லைப் பிடித்தாள். நாத்தனார் உப்புத்தாளால் தப்பான பட்டையின் மினுமினுப்பைத் தேய்த்துக் கொடுத்தாள். தையலக்கா பாட்டில் மூடிகளில் பெயின்ட்டை ஊற்றிவைத்து அவர் பக்கத்தில் மண்டிபோட்டாள்.

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். அம்புக்காரர் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"என்ன?" என்றாள் அவள்.

அவர் கூட்டத்தைப் பார்த்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டார். "எனக்குத் தெரியலம்மா. எது சிவப்பு, நீ சொல்லு."

"இது," என்று அவள் ஒரு மூடியைக் காட்டி, அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பிரஷை வெள்ளையில் நனைத்தாள். "தப்பு நிறம் மறைய முதல்ல வெள்ளை ஒரு கை. அதுமேல சிவப்பு. அடிங்க."

டிரில் உறுமியது. பிரஷ் தண்டைத் தொட்டதும் கை பழைய கையாகிவிட்டது. வெள்ளை விழுந்தது. நாத்தனார் அம்பைக் காற்றில் பிடித்து விசிறி மாதிரி ஆட்டினாள். "காய்ஞ்சிடுச்சு, அடுத்தது!" சிவப்பு விழுந்தது. "அடுத்தது!" பச்சை. "இது எது?" "பச்சைங்க." "இது?" "இதுவும் பச்சை." "இப்ப?" "சிவப்பு, சிவப்பு!" கூட்டத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர் பிரஷைத் தூக்கினாலே சுற்றிலும் "சிவப்பு!" "பச்சை!" என்று குரல் எழுந்தது.

"அண்ணே, பஸ்ல டிக்கெட் நிறம் மாறினா என் வேலையே போயிடும். உங்களை நல்லவேளை கண்டக்டராக்கல!" என்றாள் கண்டக்டர்.

அம்புக்காரர் சிரித்துவிட்டார். சிரிக்கும்போதும் கோடு அசையவில்லை.

கடைசியாக மெல்லிசாக ஒரு கை சீலர். நடுவர் வந்து எட்டிப் பார்த்தபோது பட்டைகளெல்லாம் பால் வெள்ளை. "என்னம்மா, எல்லாத்தையும் அழிச்சுட்டீங்களா?"

"பொறுங்க சார், இப்ப வந்துடும்," என்றாள் நாத்தனார், தானே கண்டுபிடித்தவள் மாதிரி.

நடுவரும் நின்றார். வெயிலில் வெளுப்பு விலகியது. நர்ஸின் நீள அம்புகளெல்லாம் சிவப்பு, கண்டக்டரின் குட்டை அம்புகளெல்லாம் பச்சை. நடுவர் ஒவ்வொன்றாக விரலால் தடவினார். விரலில் ஒட்டவில்லை. "ம், போங்க," என்றார்.

நர்ஸும் கண்டக்டரும் கோட்டில் போய் நின்றார்கள். சேர்ந்து பெயின்ட் காயவைத்தவர்கள், வில்லைத் தூக்கியதும் ஒருத்தியை ஒருத்தி திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் தையலக்காவும் அம்புக்காரரும் நாத்தனாரும். முதல் அம்புகளில் நர்ஸ் முந்தினாள். அப்புறம் கண்டக்டர் பிடித்தாள். சுற்றுக்குச் சுற்று ஏறி இறங்கி, கடைசி அம்புக்கு வரும்போது ரெண்டு பேரும் சமம்.

தையலக்கா பெயின்ட் காயாத கையால் புருஷனின் இஸ்திரிச் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ரெண்டு நாணும் ஏறக்குறைய ஒன்றாக அதிர்ந்தன. ரெண்டு அம்பும் பறந்து போய், பலகையில் பட் பட் என்று விழுந்தன. எங்கே விழுந்தன என்று யாருக்கும் சட்டென்று பிடிபடவில்லை. நடுவிலே மஞ்சள் வட்டம், அதைச் சுற்றிச் சிவப்பு, அதற்கு வெளியே நீலம். வெயிலில் கண் கூசியது. கூட்டம் மொத்தமும் நெற்றியில் கையை வைத்தது.

"மஞ்சள்!" என்று ஒரு குரல். அம்புக்காரர்தான். "ஒண்ணு மஞ்சள்ல நிக்குது! இன்னொண்ணு வெளிய போயிடுச்சு!"

"உனக்கு எப்படிடா தெரியும்?" என்றாள் நாத்தனார்.

"மஞ்சள் எனக்கு நல்லாத் தெரியும்க்கா! விளக்கு மாதிரி எரியுது பாரு!" கயிற்றைத் தாண்டிவிடுகிற மாதிரி சாய்ந்துகொண்டு அவர் பெண்டாட்டியின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "மஞ்சள்ல நிக்கறது யாரோடது? சீக்கிரம் சொல்லு!"

தையலக்கா குதிகாலைத் தூக்கினாள். கண்ணைச் சுருக்கினாள். இறகுக்குக் கீழே அந்தப் பட்டையைத் தேடிப் பிடித்தாள்.

"பச்சை!" என்று கத்தினாள். "பச்சைங்க!"

"பச்சை!" என்று அம்புக்காரரும் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினார், தன் கண்ணாலேயே பார்த்துவிட்டவர் மாதிரி.